கல்விச் சீர் சுமந்துவந்த ஊருக்கு எங்கள் பள்ளியின் நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் உளம் நிறைந்த வணக்கம்.

நம் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவும், அதே நாளில் ஊர் மக்கள் முன்னின்று நடத்திய கல்விச் சீர் வழங்கும் விழாவும் எல்லோர் மனமும் நிறையும்படி நடந்து முடிந்திருக்கின்றன. விழா மேடையில் நன்றியுரைக்கு ஒதுக்கிய சில நிமிடங்களில் பெயர்களை வரிசையாக வாசிக்க மட்டுமே முடிந்தது. யார் என்ன செய்தார்கள், அதனால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை விளங்கச் சொல்ல அங்கே நேரம் இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே பள்ளியின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். தனிப்பட்டவர்களின் பெயர்களை இங்கே குறிப்பிட வேண்டாம் என்று உதவியவர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியை மட்டும் சொல்கிறேன். உரியவர்களை ஊர் அறியும்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டுபோகும் வழக்கம் கடந்த சில ஆண்டுகளாக வேரூன்றி வருகிறது. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் தாய்மாமன் வீட்டார் எப்படித் தட்டுத் தாம்பாளம் ஏந்தி மேளதாளத்தோடு வருவார்களோ, அதே முறைமையோடு பள்ளிக்கும் வருகிறார்கள். இவ்வாண்டு நம் ஊரும் அவ்வாறே வந்தது. பிள்ளையார் கோயில் திடலிலிருந்து பள்ளி வாயில் வரை நாதசுரமும் தவிலும் முன்னே செல்ல, தாய்மார்கள் தட்டுகளைத் தலையில் வைத்தும் கையில் ஏந்தியும் நடந்து வந்தார்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டுகளுக்கு நடுவே நோட்டுப் புத்தகங்களும், வடிவியல் பெட்டிகளும், சுண்ணக்கட்டிப் பெட்டிகளும், கைப்பந்தும், வளையப் பந்தும், அகராதிகளும் இருந்தன. பின்னால் வந்த சிறிய சரக்கு வண்டியில் பீரோ, மின்விசிறிகள், நெகிழி நாற்காலிகள், குடிநீர் வைக்கும் எவர்சில்வர் அண்டா ஆகியவை வந்தன. வாயிலில் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் கொடுத்து வரவேற்கும் பொறுப்பை எட்டாம் வகுப்பு மாணவியர் ஏற்றிருந்தார்கள். தன் தாயையும் அத்தையையும் சித்தியையும் விருந்தினராகப் பாவித்து 'வாங்க, வாங்க' என்று கைகூப்பிய அப்பிள்ளைகளின் முகத்தில் இருந்த பெருமிதம், அரசு எங்களுக்குத் தரும் எந்த விலையில்லாப் பொருளாலும் வந்துவிடாது.

மொய் விருந்துக்குப் பெயர்பெற்ற வட்டாரம் நம்முடையது. ஆடி, ஆவணி மாதங்களில் வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி பக்கமெல்லாம் மொய் எழுதும் மேசைகள் நிறைந்திருப்பதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதனால்தான் சீர்ப் பொருள்களை வரவு வைக்கும் வேலையைப் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் ஒப்படைத்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே நீளமான கணக்கு நோட்டில் கோடு போட்டு, பெயர், தெரு, பொருள், அளவு என்று பத்தி பிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மேசையில் நடந்த ஒன்றை நான் அருகிலிருந்து பார்த்தேன். நூறு நாள் வேலைக்குச் சென்றுவரும் அப்பத்தா ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தைக் கொடுக்காமல், அப்பணத்தில் வாங்கிய இரண்டு பெட்டிச் சுண்ணக்கட்டிகளை மேசைமீது வைத்தார். "யார் பெயருக்கு எழுத, அப்பத்தா?" என்று மாணவன் கேட்டான். பேத்தியின் பெயரைச் சொன்னவர், பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பித் தரச் சொல்லி, அப்பெயருக்குக் கீழே தாமே எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டார்.

அறிவொளியில் கற்ற கையெழுத்து அது என்று அவரே சொன்னார். 1991ஆம் ஆண்டில் நம் மாவட்டத்தில் தொடங்கி, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு ஊர் ஊராகப் பரவிய அறிவொளி இயக்கம், வயல் வேலைக்கும் கல்குவாரி வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு எழுத்தையும் மிதிவண்டியையும் ஒருசேரக் கற்றுக்கொடுத்தது. அன்று கற்ற பெண்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். சீர்த்தட்டு ஏந்திவந்த அத்தலைமுறைக்கு எங்கள் முதல் நன்றி.

விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடாமல் பிள்ளைகளின் கையெழுத்திலேயே எழுதலாம் என்று இலக்கிய மன்ற மாணவர்கள் கேட்டார்கள். தெருவுக்கு ஒரு குழுவாகப் பிரிந்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகச் சென்று அழைத்தார்கள். இத்தெரு, அத்தெரு என்ற வேறுபாடின்றி ஊரின் எல்லாக் குடியிருப்புகளுக்கும் எல்லா மாணவர்களும் கலந்தே செல்ல வேண்டும் என்பதில் ஆசிரியர்கள் உறுதியாக இருந்தோம். எந்த வீட்டுத் திண்ணையிலும் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் உட்கார வைத்து, மோரும் பானகமும் கொடுத்து அனுப்பினீர்கள். பள்ளிக்கு நீங்கள் தந்த சீர்களில் இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

கலை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகள் வந்தபிறகு, கிராமியக் கலைகளில் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடியிருப்பது உண்மை. ஆனால் கற்றுத்தர ஆள் வேண்டுமே. பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒயிலாட்டக் கலைஞர் ஒருவர், தம் நிகழ்ச்சி இல்லாத மாலைகளில் எல்லாம் வந்து, ஒரு ரூபாயும் பெற்றுக்கொள்ளாமல், மாணவர்களுக்கு அடவு கற்றுத்தந்தார். காலடி தப்பிய பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், தம் காற்சலங்கையைக் கழற்றி அவன் காலில் கட்டி, "சத்தத்தைக் கேட்டு ஆடு, தானாக வரும்" என்று அவர் சொல்லிக்கொடுத்த பக்குவத்தை ஆசிரியர்களாகிய நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டும். பறையிசைக்க வந்த இளைஞர்கள், மாணவியரும் பறை பழகலாம் என்று முன்வந்து கருவியைக் கையில் கொடுத்தார்கள். மேடையில் அம்மாணவியர் அடித்த முதல் அடிக்கு எழுந்த கைதட்டல் அவர்களுக்கும் உரியது.

கும்மிப் பாட்டுக்கு ஊர்ப் பாட்டிமார்களே ஆசான்கள். சாணி தெளித்த முற்றத்தில் ஆடிப் பழகிய அவர்கள், நம் பள்ளித் திடலில் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, குனிந்து கொட்டுவதையும் நிமிர்ந்து கொட்டுவதையும் பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள். புத்தகங்களில் இல்லாத, நடவுக்கும் முளைப்பாரிக்கும் பாடுகிற பாட்டுகளை ஒன்பதாம் வகுப்பு மாணவியர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடை வாடகைக்கு எடுக்க வேண்டாம், பெற்றோருக்குச் செலவு வைக்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தோம். அதைக் கேள்விப்பட்டு, பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த கண்டாங்கிச் சேலைகளை எடுத்துக் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி. சேலைகள் துவைத்து மடிக்கப்பட்டு அலுவலகத்தில் இருக்கின்றன. எந்தச் சேலை எந்த வீட்டுக்குரியது என்ற பட்டியலும் அவற்றோடு இருக்கிறது. மாணவியரே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள்.

ஒத்திகை முடியப் பொழுது சாய்ந்த நாள்களில், தோட்டத்து வீடுகளிலிருந்து வரும் மாணவியரை யார் கொண்டுவிடுவது என்பது எங்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது. ஊர் ஆட்டோ ஓட்டுநர்கள் தாங்களே பேசிவைத்து முறை போட்டுக்கொண்டு, ஆசிரியை ஒருவரையும் உடன் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசல் வரை கொண்டு சேர்த்தார்கள். டவுன் பஸ் நடத்துநரும் ஓட்டுநரும் பிள்ளைகள் ஓடிவருவதைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். இது சிறிய உதவியாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் பாதிப் பெண் பிள்ளைகள் மேடை ஏறியிருக்க மாட்டார்கள்.

விழாவோடு நேரடியாகத் தொடர்பில்லாத ஓர் உதவியையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வில் வெற்றி பெறும் மாணவருக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்பதைத் தீர்மானிக்கும் தொகை அது. மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், பாடப் பகுதியில் 90 வினாக்கள் என்று அமைந்த அத்தேர்வுக்கு, வகுப்பு நேரத்துக்குள் மட்டும் பயிற்சி கொடுத்து முடிக்க எங்களால் இயலாது. போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பட்டதாரி இளைஞர்கள் மாலை வேளைகளில் பள்ளிக்கு வந்து, எண் தொடரையும் குறியீட்டுக் கணக்கையும் தங்களுக்கே உரிய எளிய வழியில் சொல்லித்தருகிறார்கள். தம் சொந்தத் தேர்வுக்கான நேரத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் நேரம் அது. விழா மேடைக்கு அழைத்தும் வர மறுத்து, பந்தலின் கடைசி வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தேர்வும் கைகூட வேண்டும் என்று பள்ளி முழுவதும் விரும்புகிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் முன்னாள் மாணவர்கள், நூலகத்துக்கான அலமாரிகளையும் புத்தகங்களையும் வழங்கியிருக்கிறார்கள். என்ன புத்தகம் வேண்டும் என்று எங்களைக் கேட்காமல், வகுப்புவாரியாகப் பிள்ளைகளையே பட்டியல் போடச் சொன்னது நல்ல முறை. அதனால் வந்த புத்தகங்கள் எவையும் அலமாரியில் தூங்கவில்லை. உள்ளூரில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு பழைய நன்றி பாக்கி இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் நம் பகுதியின் தென்னையும் பலாவும் சாய்ந்தபோது பள்ளித் திடலின் மரங்களும் வீழ்ந்தன. தங்கள் தோப்புகளே அழிந்து கிடந்த நேரத்தில் இங்கே வந்து வேம்பும் புங்கனும் நட்டு, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவர்கள் அவர்கள். இவ்வாண்டு கிழக்குப் பக்கம் பந்தல் போட வேண்டிய தேவையே எழவில்லை. மர நிழலிலேயே தாய்மார்கள் அமர்ந்து நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைமை வகிக்கும் தாயும் உறுப்பினர்களும் காட்டிய நிதானத்துக்குத் தனியே நன்றி கூற வேண்டும். நன்கொடையாளர்களின் படங்களோடு பெரிய பதாகை வைக்க வேண்டும் என்று சிலர் அன்போடு வற்புறுத்தினார்கள். பதாகைக்கு ஆகும் செலவில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயக் காலணி வாங்கலாம் என்று குழு எடுத்துச் சொன்னதும், அவர்கள் மறுபேச்சின்றி இசைந்தார்கள். சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் வழங்கும் முறையையும், சிறப்புரைகளைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு மேடையை விட்டுத்தர வேண்டும் என்ற வேண்டுகோளையும் வருகை தந்த மக்கள் பிரதிநிதிகளும் கல்வி அலுவலர்களும் மதித்து நடந்தார்கள். அதனால்தான் நிகழ்ச்சிப் பட்டியலில் இருந்த ஒரு பிள்ளையின் பெயரும் விடுபடவில்லை.

பந்தல் அமைத்தவர்கள், ஒலிபெருக்கியை விழா முடியும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர், மின்தடை நேராமல் கவனித்துக்கொண்ட மின்வாரியப் பணியாளர்கள், திடலைச் சீர் செய்துகொடுத்த ஊராட்சி மன்றத்தார், தூய்மைப் பணியாளர்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி. அன்றைய மதிய உணவை மகளிர் சுய உதவிக் குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் அன்று ஓய்வெடுக்கலாம் என்று சொல்லியும் கேளாமல் அடுப்படியிலேயே நின்றார்கள். பிள்ளைகளுக்கு முதல் பந்தி, பெற்றோர் பரிமாற வேண்டும் என்ற ஏற்பாடு அவர்கள் யோசனை. தன் அப்பா தனக்கும் தன் வகுப்புத் தோழர்களுக்கும் சாம்பார் ஊற்றிக்கொண்டு வரிசையில் வருவதைப் பார்த்த ஆறாம் வகுப்புச் சிறுவன், பக்கத்தில் இருந்தவனிடம் "எங்க அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

எங்கள் மாணவ மாணவியருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். நிகழ்ச்சித் தொகுப்பு முழுவதையும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்தாள். வகுப்பில் கேள்விக்குக்கூட எழுந்து நிற்கத் தயங்கியவள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாள்தோறும் செய்தி வாசித்துக் குரலைப் பழக்கிக்கொண்டாள். சாரண மாணவர்கள் முதியோரைக் கைபிடித்து அழைத்துவந்து அமர்த்தினார்கள். தேசியப் பசுமைப் படையினர் தண்ணீருக்கு எவர்சில்வர் குவளைகளை வைத்து நெகிழிக் குவளைகளை வாயிலிலேயே தடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பினருக்கு இது இப்பள்ளியில் கடைசி விழா. மேல்நிலை வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குச் செல்லவிருக்கும் அவர்கள், தாங்கள் எழுதிய சீர்க் கணக்கு நோட்டைப் படி எடுத்து, அடுத்த வகுப்பினரிடம் முறையாக ஒப்படைத்திருக்கிறார்கள்.

வந்த பொருள்கள் யாவும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுவிட்டன. விழாவின் வரவு செலவுக் கணக்கு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அது வாசிக்கப்படும். பெற்றோர் யாரும் வந்து கேள்வி கேட்கலாம். மின்விசிறிகள் ஆறாம், ஏழாம் வகுப்பு அறைகளில் பொருத்தப்பட்டுவிட்டன. நூலகம் இனிச் சனிக்கிழமை முற்பகலிலும் திறந்திருக்கும். பெற்றோரும் புத்தகம் எடுத்துச் செல்லலாம். கும்மிப் பாட்டுகளை எழுதிவரும் மாணவியருக்கு இன்னும் பாட்டுகள் தேவைப்படுகின்றன. தெரிந்த பாட்டிமார்கள் அருள்கூர்ந்து ஒரு மாலை பள்ளிக்கு வந்து பாடிக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
தலைமையாசிரியை, ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், மாணவ மாணவியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி, புதுக்கோட்டை மாவட்டம்.