பொயிலர் குமிழும் காஸ் பில்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் குளிர்காலப் பக்கத்தில் காஸ், கரண்ட் பில்லைக் குறைக்கும் வழிகள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஹீற்றிங்கை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் இருந்து, அங்கே ஒரு கரண்ட் ஹீற்றரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் அதில் முதல் ஆலோசனை. நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் வடமேற்கு லண்டனில் காஸ் பொயிலர், அதாவது காஸில் தண்ணியைச் சூடாக்கி அறைகளின் ரேடியேற்றர்களுக்கு அனுப்புகிற கருவி, பூட்டுவதும் திருத்துவதுமாகப் பிழைக்கிறவன். இப்படி மிச்சம் பிடிக்கிற வீடுகளுக்குள் போய்வருகிறவன். அந்த வீடுகளில் பில் குறைவதை நான் காணவில்லை. வயதுபோன ஆக்கள் குளிரில் விறைத்துப்போய் இருப்பதைத்தான் காண்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கணக்கை முதலில் பார்ப்போம். இப்போது இங்கே காஸ் ஒரு யூனிற், அதாவது ஒரு கிலோவாற் மணி, ஆறு ஏழு பென்ஸ். கரண்ட் ஒரு யூனிற் 25 பென்ஸை ஒட்டி நிற்கிறது. ஏறக்குறைய நாலு மடங்கு. கடையில் மலிவாக வாங்குகிற, காற்றூதும் சின்ன ஹீற்றர் பெரும்பாலும் இரண்டு கிலோவாற். அதைப் பின்னேரம் ஐந்து மணிக்குப் போட்டு, விடாமல் ஓடவிட்டு, பதினொரு மணிக்கு நிறுத்தினால் 12 யூனிற். மூன்று பவுண் போய்விட்டது. அதே மூன்று பவுணுக்குக் காஸ் 40 யூனிற்றுக்கு மேல் வரும். சாதாரண மூன்று அறை வீடு ஒன்றை அந்தப் பின்னேரம் முழுக்கச் சூடாக வைத்திருக்க அநேகமான நாட்களில் அது போதும். ஒருவர் தனியே ஒரு சின்ன அறையில் அரை மணித்தியாலம் இருக்கப்போகிறார் என்றால் கரண்ட் ஹீற்றர் சரி. படுக்கையில் போடுகிற கரண்ட் போர்வையும் சரி, அது நூறு வாற் அளவில்தான் இழுக்கும். ஆனால் ஒரு குடும்பமே குளிர்காலம் முழுக்கக் காற்றூதும் ஹீற்றரை நம்பி இருப்பது காசைக் கரியாக்குகிற வேலை.

போன குளிர்காலத்தில் சவுத் ஹரோவில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். தனியே இருக்கிற ஓர் அம்மா. பொயிலரில் பிழை ஒன்றும் இல்லை. பில்லுக்குப் பயந்து அவரே நிறுத்திவைத்திருந்தார், திரும்பப் போடத் தெரியவில்லை, அவ்வளவுதான். கம்பளித் தொப்பியும் ஜாக்கெற்றும் போட்டுக்கொண்டு செற்றியில் இருக்கிறார். காலடியில் அந்தக் காற்றூதும் ஹீற்றர். குசினி அலுமாரிக்குள் இருந்த பொயிலரைத் திறந்து பார்த்தால், ரேடியேற்றர் படம் போட்ட குமிழ் கடைசிவரை திருகிக் கிடக்கிறது. பூட்டின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதை 60 பாகை அளவுக்கு இறக்கி, அறையின் தேர்மோஸ்ராற்றை 20இல் வைத்துவிட்டு வந்தேன். இரண்டொரு நாளில் போன் வந்தது.

“தம்பி, முந்தி ரேடியேற்றரில கை வைக்க ஏலாது. இப்ப சும்மா வெதுவெதுப்பாத்தான் இருக்கு.”

“அம்மா, உங்களுக்குக் குளிருதோ?”

“இல்லை, குளிரேல்லை.”

“அப்ப சரி அம்மா, அப்படியே விடுங்கோ.”

இந்தக் குமிழைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். சுவரில் இருக்கிற தேர்மோஸ்ராற் அறை எவ்வளவு சூடாக வேண்டும் என்பதைச் சொல்கிறது. பொயிலரில் இருக்கிற குமிழ், ரேடியேற்றருக்குப் போகிற தண்ணி எவ்வளவு சூடாக வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு. நம்முடைய சனம் முதலாவதோடு நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிறது. அப்பா இறக்குவார், பிள்ளை ஏற்றுவாள். இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. பூட்டுகிறவர்களும் 75, 80 என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் தொழில்காரர்களைச் சொல்லத்தான் வேண்டும்: ரேடியேற்றர் கொதித்தால் வீட்டுக்காரருக்குத் திருப்தி, திரும்பக் கூப்பிட மாட்டார் என்பதற்காகவே அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை.

ஏன் இறக்க வேண்டும்? இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாகப் பூட்டின காஸ் பொயிலர்கள், மிகச் சில தவிர, எல்லாமே கொண்டென்சிங் வகை. காஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. புட்டு அவிக்கும்போது ஆவி கையில் பட்டால் எப்படிச் சுடுகிறது? ஆவி தண்ணியாக மாறுகிற அந்த இடத்தில் தன்னிடம் அடங்கியிருக்கிற சூட்டை விட்டுவிடுகிறது. கொண்டென்சிங் பொயிலர் பிடிக்கப் பார்ப்பது அந்தச் சூட்டைத்தான். ஆனால் ரேடியேற்றர்களைச் சுற்றிப் பொயிலருக்குத் திரும்பி வருகிற தண்ணி 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் ஆவி அங்கே தண்ணியாகும். 80 பாகையில் அனுப்பினால் திரும்பி வருகிற தண்ணியும் 60க்கு மேலேயே நிற்கும். ஆவி ஆவியாகவே சுவர்க் குழாயால் வெளியே போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு பின்வளவுக்குப் போகிறது.

பொயிலருக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் குழாய் வெளியே போகும். ஹீற்றிங் ஓடும்போது அதில் தண்ணி சொட்டுச் சொட்டாக வடிந்தால் பொயிலர் ஒழுங்காகக் காசை மிச்சம் பிடிக்கிறது என்று அர்த்தம். சிலர் ஒழுகுகிறது என்று பயந்து என்னைக் கூப்பிடுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, சொட்டுவதுதான் அதன் வேலை. கடும் குளிரில் அந்தக் குழாயின் வெளிப்பகுதி உறைந்து பொயிலர் நின்றுபோகும். அப்போது வெதுவெதுப்பான தண்ணியை மேலே ஊற்றினால் போதும். கொதிதண்ணி வேண்டாம்.

60 பாகை என்பது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. 2022 குளிர்காலத்தில் பிரித்தானிய அரசே தன் விளம்பரங்களில் 75இலிருந்து 60க்கு இறக்கச் சொன்னது. ஹீற்றிங் தொழிற்துறைச் சங்கம் இதனால் காஸ் 6 முதல் 8 வீதம் மிச்சமாகும் என்கிறது. சாதாரண வீடு ஒன்று வருடத்துக்கு 11,500 யூனிற் காஸ் எடுக்கும் என்று, காஸ், கரண்ட் கம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் 2023இல் கணக்கு வைத்தது. அப்படியான வீட்டுக்கு ஐம்பது பவுண் அளவில் வரும். மாடியில் லொஃப்ற் அறை, பின்னால் நீட்டின குசினி, அம்மம்மாவிலிருந்து பேரப்பிள்ளை வரை எட்டுப்பேர் என்றிருக்கிற நம்முடைய வீடுகளுக்கு இன்னும் கூட வரும். பெரிய காசா என்று கேட்கலாம். ஒருவரும் குளிரில் இருக்காமல் வருகிற காசு அது. வீடு சூடாகக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அரை மணித்தியாலம் முந்திப் போட்டுவிட்டால் சரி. வயதானவர்கள், குழந்தைகள் இருக்கிற அறை 18 பாகைக்குக் கீழே போகக் கூடாது. 60இல் அறை சூடாகவில்லை என்றால் 65க்கு ஏற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நான் சொல்வது கொம்பி பொயிலருக்கு, அதாவது பைப்பைத் திறந்தவுடன் சுடுதண்ணி வருகிற, தனித் தாங்கி இல்லாத வகைக்கு. சுடுதண்ணித் தாங்கி இருக்கிற வீட்டில் 65க்குக் கீழே இறக்க வேண்டாம். தாங்கித் தண்ணி 60 பாகைக்குச் சூடாகாவிட்டால் லீஜியோனெல்லா என்கிற, நோய் தருகிற பக்டீரியா வளர இடமுண்டு. 2005க்கு முந்திய பழைய பொயிலர் என்றாலும் நீங்களாக ஒன்றும் செய்யாமல் அடுத்த சேர்விஸில் கேளுங்கள். குமிழைத் திருப்ப யாரும் தேவையில்லை. பொயிலரின் மூடியைக் கழற்றுவதென்றால் காஸ் சேஃப் அட்டை, அதாவது காஸ் வேலை செய்யப் பதிந்தவருக்கான அட்டை, உள்ளவர் மட்டும்தான். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் அவர் என்னென்ன வேலை செய்யலாம் என்று எழுதியிருக்கும்.

அப்புறம் மீற்றர். பில்லில் மீற்றர் இலக்கத்துக்குப் பக்கத்தில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அவர்கள் மதிப்பிட்டுப் போட்ட தொகை, வாசித்துப் போட்டது இல்லை. மாதம் ஒருமுறை நீங்களே வாசித்து அனுப்புங்கள். வெம்பிளியில் ஒரு குடும்பத்துக்குத் தாங்க முடியாத அளவுக்கு காஸ் பில் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மூன்று பேர், ஹீற்றிங் போடுவதே இல்லை என்று தகப்பன் தலையில் அடித்துச் சொன்னார். பொயிலரைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. வெளியே போய் மீற்றர் பெட்டியைத் திறந்தேன். முகப்பில் ‘எம்’ என்ற எழுத்தும் தலையில் சின்ன மூன்றும், அதாவது கன மீற்றர். பில்லை எடுத்துப் பார்த்தால் நூறு கன அடிக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். நூறு கன அடி என்பது 2.83 கன மீற்றர். ஒரு கன மீற்றர் காஸ் ஏறக்குறைய 11 யூனிற் ஆகும், அவர்களுக்கு 31 யூனிற் எழுதப்பட்டிருந்தது. அந்தக் குடும்பம் மூன்று வீட்டுக் காஸுக்குக் காசு கட்டிக்கொண்டு ஒரு வீட்டையும் சூடாக்காமல் இருந்திருக்கிறது. மீற்றரைப் படம் எடுத்து அனுப்பின பிறகு கம்பனி திருத்திக் காசைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் குளிரில் படித்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மறுபக்கம், கம்பனி தன் தவறால் குறைவாகப் போட்டுவிட்டுப் பிறகு மொத்தமாகக் கேட்டால், 12 மாதத்துக்கு முந்திய பாவனைக்கு அவர்கள் காசு கேட்க முடியாது. 2018இலிருந்து அது ஒஃப்ஜெம் விதி.

இன்னொரு விஷயம், இதில் நம்முடையவர்கள் நிறையப் பேர் அகப்படுகிறார்கள். தாய் தகப்பன் தனியே இருப்பார்கள், பென்ஷன் கிரெடிற் என்கிற உதவிப்பணம் எடுப்பார்கள். ஆனால் காஸ், கரண்ட் கணக்கு மகன் பெயரில் இருக்கும், ஆங்கிலம் தெரிந்தவர் என்பதற்காக. வார்ம் ஹோம் டிஸ்கவுண்ற் என்கிற 150 பவுண் கழிவு, உதவிப்பணம் எடுப்பவர் அல்லது அவருடைய துணையின் பெயரில் பில் இருந்தால்தான் கிடைக்கும். மகன் பெயரில் இருந்தால் போச்சு. அம்மா அப்பா பெயருக்குக் கணக்கை மாற்றிவிட்டு, மகன் அவர்களுக்காகக் கதைக்கலாம் என்று கம்பனியில் பதிந்துவிட்டால் போதும். போனில் செய்கிற வேலை.

காற்று வருகிறது என்று சுவரில் இருக்கிற காற்றுத் துவாரத்தைப் பேப்பரும் ரேப்பும் வைத்து அடைக்கிறவர்களையும், குசினியில் காஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். காற்றோட்டம் போதாமல் காஸ் எரிந்தால் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு உண்டாகும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான அலாரம் இருபது பவுண் அளவில் வாங்கலாம். வாடகை வீடு என்றால் பொயிலர் இருக்கிற அறையில் அதைப் பூட்டித் தருவது 2022 ஒக்ரோபரிலிருந்து இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் கடமை. காஸ் சோதனையும் வருடம் ஒருமுறை அவர் செலவில்தான். அறைகளை வாடகைக்கு விடுகிற நம்மவர்கள் சிலர் “அடுத்த மாதம் பாப்பம்” என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். உள்ளே படுத்திருப்பது ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் என்பதை அவர்கள் நினைக்க வேண்டும். காஸ் மணந்தால் 0800 111 999.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உச்சவிலையை அறிவிக்கும்போது, நீங்கள் “வருடாந்தக் கட்டணம் இத்தனை பவுண்” என்று தலைப்புப் போடுகிறீர்கள். ஆங்கிலப் பத்திரிகைகளும் அப்படித்தான் போடுகின்றன. ஆனால் அந்தத் தொகை ஒரு சாதாரண வீட்டுக்கான உதாரணம் மட்டுமே. உச்சவிலை இருப்பது யூனிற் விலைக்கும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஒவ்வொரு நாளும் பில்லில் சேர்கிற நிரந்தரக் கட்டணத்துக்கும்தான். “அதுக்கு மேல எங்களிட்ட எடுக்கேலாதெண்டு பேப்பரில போட்டிருக்கு” என்று ஓர் ஐயா என்னிடம் உங்கள் பத்திரிகையைக் காட்டினார். அதை நம்பி அவர் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஹீற்றிங் போட்டிருந்தார். இனிமேல் காஸ் யூனிற் எத்தனை பென்ஸ், கரண்ட் யூனிற் எத்தனை பென்ஸ், நிரந்தரக் கட்டணம் நாளுக்கு எவ்வளவு என்று மூன்று வரி முதல் பக்கத்திலேயே போடுங்கள். அதோடு மீற்றர் இலக்கத்தை யூனிற்றாக மாற்றுகிற கணக்கையும் ஒரு பெட்டியில் போட்டால் சனம் வெட்டி வைத்துக்கொள்ளும். எழுதித் தரச் சொன்னால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
காஸ் வேலை செய்யும் வாசகர் ஒருவர்,
ஹரோ, லண்டன்.