'வாடும் மூதாட்டி' எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தனிமையில் இருப்போரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தினமும் ஒரு வேத வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே அவர்கள் முகம் மலர்ந்துவிடும், அதுவே போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். போதுமாம்! எனக்குக் காலையில் பதினோரு வசனம் வருகிறது. அனுப்புகிறவர்களில் ஒருவருக்காவது என் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியுமா என்பது சந்தேகம்தான்.

'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்' என்றுதானே மத்தேயு 25இல் இருக்கிறது? உங்களுக்குத் தெரியாததா! எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் வினை.

நேரில் வந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு சபையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். கையில் ஒரு பையைக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிங்கம்மா" என்றார்கள். வெளிச்சம் அடிக்கிறது என்று மூக்குக் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார்கள். அந்தப் படம் உங்கள் இதழில்தான் வந்தது: 'தனிமையில் வாடும் மூதாட்டியுடன்' என்று. ஒன்பது பேருக்கும் பெயர் போட்டிருந்தீர்கள், எனக்கு இல்லை. அதில் நான்கு பேர் ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள்.

பைக்குள் ஒரு காலண்டர். அதே காலண்டரைப் பெண்கள் ஐக்கியத்தாரும் வாலிபர்களும் தனித்தனியே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை' என்று இப்போது மூன்று சுவரில் தொங்குகிறது. கொடுத்தவர்கள் அன்றைக்குப் போனவர்கள்தான்.

இன்னொன்று. "ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டால் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். என் கணவர் இறந்த இந்த எட்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இது. பாதிப் பேச்சில் இருப்பேன், கண்ணை மூடிவிடுவார்கள். ஆமென் சொல்லும்போது செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கும்.

பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நம் சபைகூட இல்லை. அவள் வீட்டில் சத்தம் என்று இங்கே வந்து கணக்குப் போடுவாள். எப்படி இருக்கிறீர்கள் என்று என்னை ஒருநாளும் கேட்டதில்லை. சனிக்கிழமை மட்டும் போகும்முன் பத்து ஊசியில் நூல் கோத்து, ஒரு பழைய பஞ்சுத் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். எனக்குத் தையல் வரும், கண்தான் வராது. ஊசி மிச்சமிருந்தால், "இந்த வாரம் சோம்பேறியாயிட்டீங்க பாட்டி" என்று திட்டு வேறு.

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற குருவானவர், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்காகத் தொலைபேசி வைத்து உட்கார்ந்தார். சமாரிட்டன்ஸ் என்று பிறகு பெயர் பெற்றது அதுதான். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தவர்கள் படித்த ஆலோசகர்கள் அல்லர், சாதாரண ஆட்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியதே போதும் என்று குருவானவரைப் பார்க்காமலே திரும்பியவர்கள் பலர். இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதக்கூடாதா? வாட்ஸ்அப்புக்கு மூன்று பக்கம் கொடுத்தீர்களே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தில் 'தனிமையில் வாடுவோர்' பட்டியலில் ஏழாவதாக இருக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள். ஊழியத்துக்கு விருப்பமுள்ளவர்கள் பட்டியலில் சேருங்கள். முழங்கால்தான் போயிற்று, காது நன்றாகக் கேட்கிறது. அந்த ஏழு பேரில் மற்ற ஆறு பேரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால், மத்தியானத்தில் நானே கூப்பிட்டுப் பேசிக்கொள்வேன்.

சென்ற முறை என் கடிதத்தைப் பாதியாக வெட்டினீர்கள். இந்த முறை வெட்டுவதானால் சாட் வாராவை வெட்டுங்கள், ஊசியை விட்டுவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
பழைய சந்தாதாரர் ஒருவர்