ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் பிள்ளைகள் பல்லில் ஏன் பழுப்பு வரி? இரு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்கள், மாவட்ட சுகாதார அலுவலர்கள், வட்டார வளர்ச்சி அலுவலர்கள், பள்ளிக் கல்வித் துறையினர் என நாலு தரப்பும் படிக்க வேண்டிய மடல் இது. நாலு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உங்களால்தான் முடியும் என்பதால் உங்கள் பெயருக்கு எழுதுகிறோம்.

நாங்கள் பேசுவது ஃபுளோரைடைப் பற்றி. இங்கே பாறையிலிருந்து ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் கரைந்து வரும் பொருள் அது. அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். போர் தண்ணீரை நம்பியிருக்கும் ஏதாவது ஒரு ஊரின் தொடக்கப் பள்ளிக்குப் போய், மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி 'ஈ' காட்டச் சொல்லிப் பாருங்கள். மேல் முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டு இருக்கிறதா, அதன் குறுக்கே பழுப்பு வரி ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஃபுளோரைடு வரி ஒற்றைப் பல்லில் நிற்காது. வலப்பக்கம் எந்தப் பல்லில் இருக்கிறதோ, இடப்பக்கம் அதே பல்லிலும் அதே உயரத்தில் இருக்கும். நகத்தால் சுரண்டினால் போகாது. பாக்குக் கறை ஈறோரத்திலும் பல்லிடுக்கிலும் படியும், சுரண்டினால் கொஞ்சமாவது வரும். சொத்தை குழியாக விழும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பல் மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. கிராம சுகாதார செவிலியருக்கு அரை நாள் பயிற்சி போதும்.

நிலையான முன்பற்களின் எனாமல் (பல்லின் வெளிப்பூச்சு) பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பல் முளைப்பது ஆறேழு வயதில். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அந்த வரி கூடாது, குறையாது. எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல், அது பால் மறந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கிய காலத்தின் பதிவேடு. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 2013இல் திறந்தார்கள். ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் நோய்) தணிப்பு என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. இன்றைக்கு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் பல்லில் புதிதாக வரி தெரிகிறதென்றால், காவிரி வந்த பிறகும் போர் தண்ணீரின் ஃபுளோரைடு அவர்கள் வயிற்றுக்குள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

திட்டத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. அது வந்திராவிட்டால் இந்த மேட்டு நிலத்தின் கதி என்ன என்பது எங்களுக்குத் தெரியும். குழாய் ஊருக்குள் நுழைந்த இடத்தோடு பொறியியல் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து அடுப்பு வரைக்கும் என்ன நடக்கிறது என்பதற்கு எந்தத் துறையிலும் ஒரு பதிவேடு இல்லை. குறை அந்த இடைவெளியில்தான்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான ஊர்களில் காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான் ஏறுகின்றன. இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. அந்தப் பாறையின் பயோடைட், அப்படைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு காலம் பாறையோடு உறவாடுகிறதோ, அவ்வளவுக்கு அது கரையும். பைகார்பனேட் உப்புகள் மிகுந்து கால்சியம் குறைந்த தண்ணீரில் இன்னும் கூடுதலாகக் கரையும். நூறடிக் கிணறு வற்றி, ஐந்நூறைத் தாண்டி, ஆயிரம் அடி வரைக்கும் போர் போட்டுக்கொண்டே போகிறோம். ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூட இடமிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டி 30,000 லிட்டர். காவிரி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், ஊர் போரில் 2.4 என்று வைத்துக்கொள்வோம். லைனில் அழுத்தம் இல்லாத நாளில் காவிரி நீர் 10,000 லிட்டர்தான் ஏறுகிறது. மீதி 20,000 லிட்டருக்கு மோட்டார் ஓடுகிறது. கலந்த தண்ணீரில் ஃபுளோரைடு 1.73. அதே தொட்டியில் 21,000 லிட்டர் காவிரி, 9,000 லிட்டர் போர் என்றால் சரியாக 1.0. ஆக, இந்த ஊரில் தொட்டியில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் போர் தண்ணீர் ஏறக்கூடாது. மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதை இதிலிருந்து அஞ்சே நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் டேங்க் ஆபரேட்டரிடம் இந்தக் கணக்கை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தொட்டி நிரம்பவில்லை என்றால் சனம் அவரைத்தான் திட்டும். அவர் மோட்டாரைப் போடுகிறார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

1.0 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 1.0. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அறிக்கைகளில் 1.4 என்று வந்தால் 'வரம்புக்குள்' என்று எழுதி மூடிவிடுகிறார்கள். ஒகேனக்கல் குழாய் வந்துவிட்ட ஊரில் மாற்று நீராதாரம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தச் சலுகை குழாய் வந்த நாளோடு முடிந்துவிட்டது.

அடுத்து, மாதிரி எடுக்கும் விதம். காலையில் காவிரி நீர் ஏறி முடிந்த கையோடு தொட்டிக்குக் கீழே உள்ள குழாயில் பிடித்தால் எந்த ஊரும் தேறிவிடும். மதியம் மோட்டார் ஓடிய பிறகு, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், ஏப்ரல், மே மாதங்களில் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். கண்ணாடியோடு ஃபுளோரைடு வினைபுரியும் என்பதால் அளவு பிசகும். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தருவது நல்ல ஏற்பாடு. அந்தப் பெட்டியில் நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுவதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒரு நிறம், திண்ணை நிழலில் வேறு நிறம். காலாவதியான திரவத்தை ஊற்றினால் எல்லா ஊரும் ஒரே நிறம்தான். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். பெட்டியில் ஒன்றைத் தொட்டாலே ஆய்வகத்துக்கு அனுப்பி அயனி மின்முனை (ஃபுளோரைடைத் தனியாக அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகளின் தூணில் கொள்ளளவும், 'சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்ற வரிகளும் பெயின்டில் எழுதியிருக்கும். அதன் கீழே இன்னும் மூன்று வரி எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும்: போரில் ஃபுளோரைடு எவ்வளவு, கலந்த தண்ணீரில் எவ்வளவு, மோட்டார் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம். மூன்றாவது வரி ஆபரேட்டருக்கும் பாதுகாப்பு. திட்ட வருகிறவரிடம் அவர் அதைக் கைகாட்டலாம்.

இனி அடுப்படிக்கு வருவோம். நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 'குடிக்க ஒகேனக்கல், புழங்க போர்' என்று வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய பழக்கம். ஆனால் சமையல் எந்தப் பக்கம் போகிறது? பல வீடுகளில் புழங்கும் பக்கம்தான். களி கிண்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். உலை கொதித்து, நொய் வெந்து, ராகி மாவைக் கொட்டி, களிக்கோலால் கிண்டி இறக்கும்போது சட்டியில் வடிக்க ஒன்றும் இருக்காது. ஊற்றிய தண்ணீர் மொத்தமும் களிக்குள் போய்விடுகிறது. ஆவியாய்ப் போனது வெறும் தண்ணீர், ஃபுளோரைடு சட்டியிலேயே தங்கும். 2.4 மில்லிகிராம் உள்ள தண்ணீர் இரண்டு லிட்டர் ஊற்றினால் அந்தச் சட்டிக் களியில் 4.8 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 1.2, அதுவும் ஒரே வேளையில். நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் இருக்க வேண்டியதை விட அதிகம். வடித்த சோற்றில் ஒரு பங்கு கஞ்சியோடு போகும். அந்தக் கஞ்சியை மாட்டுக்கு ஊற்றுவோம், அதற்கும் பல்லும் எலும்பும் உண்டு.

இதற்காகக் களியை விடச் சொல்லி யாரும் பிரசாரம் செய்துவிட வேண்டாம். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. குடலில் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் சரக்கு அது. மாற்ற வேண்டியது உலைத் தண்ணீரைத்தான்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் என்பதுதான் ஃபுளோரைடு பாதித்த ஊர்களுக்கு ஜல் ஜீவன் வைத்திருக்கும் இடைக்கால அளவு. ஐந்து பேர் வீட்டுக்கு 40 முதல் 50 லிட்டர், நாலு குடம். இந்த நாலு குடத்தைப் போர் கலக்காமல் தனிக் குழாயில் கொடுத்துவிட்டால் மீதிக்கு எது வந்தாலும் பாதகமில்லை. தெருவுக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டியை ஒகேனக்கல் லைனில் நேரடியாக இணைத்தாலே பாதி வேலை முடியும். இரண்டாம் கட்டத் திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காலை உணவுத் திட்டம் 2022இல் வந்தது. சத்துணவு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. பல் உருவாகும் வயதில் அங்கன்வாடியிலும், எலும்பு வளரும் வயதில் பள்ளியிலும் ஒரு பிள்ளையின் சாப்பாட்டில் பெரும்பங்கு அரசு அடுப்பில்தான் வேகிறது. பள்ளி வளாகத்துக்குள்ளேயே தனி போர் இருந்தால் சாம்பாரும் உப்புமாவும் அதில்தான். பருப்பு, அரிசி, முட்டை எல்லாவற்றுக்கும் எடைக் கணக்கு இருக்கிறது, தண்ணீருக்கு மட்டும் இல்லை. முதலில் அங்கன்வாடிச் சமையலறைக் குழாயைச் சோதியுங்கள். பள்ளி அதற்கு அடுத்து.

வேலைத்தளத்தையும் விட்டுவிட முடியாது. தண்ணீரின் தரத்தைப் பேசும்போது ஆள் இரண்டு லிட்டர் குடிப்பதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். மே மாத வெயிலில் நூறு நாள் வேலையிலோ, கல் குவாரியிலோ, மாந்தோப்பிலோ நிற்கிறவர் ஐந்து லிட்டர் குடிப்பார். 1.5 உள்ள தண்ணீரிலேயே அது 7.5 மில்லிகிராம். எல்லா வழியிலும் சேர்ந்து நாளொன்றுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் எலும்புப் பாதிப்பின் ஆபத்து கூடலாம் என்பதற்கான தடயங்கள் இருப்பதாகவும், 14இல் அந்த ஆபத்து தெளிவாகத் தெரிவதாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. வேலைத்தளத்துக் குடம் எந்தப் போரில் நிரம்பியது என்று வருகைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் என்ன?

மருத்துவத் தரப்புக்கு இரண்டு வார்த்தை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார், மூட்டுவலிக்குப் பயிற்சி சொல்கிறார். ஆனால் 'எந்தத் தண்ணீரில் சமைக்கிறீர்கள்?' என்று கேட்பதற்கு அவர் படிவத்தில் இடம் வேண்டும். கழுத்தைக் குனிந்து மோவாயால் நெஞ்சைத் தொடுவது, முழங்காலை மடக்காமல் தரையில் கிடக்கும் காசை எடுப்பது, இரண்டு கையையும் விரித்து மடக்கிப் பிடரியில் வைப்பது: இந்த மூன்றையும் செய்யச் சொல்லிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். முடியாதவர்களுக்கு முன்கை எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணம் ஏறியிருந்தால் அது வெறும் தேய்மானம் இல்லை. இதைப் பார்க்காமல் 'வாதம்' என்று சொல்லி வருடக்கணக்கில் வலி ஊசியும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். உடம்பிலிருந்து ஃபுளோரைடை வெளியேற்றுவதே அந்தச் சிறுநீரகம்தான். அது கெட்டால் எலும்பில் இன்னும் ஏறும். 2008-09இல் தொடங்கிய தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் சிறுநீர் ஃபுளோரைடு பரிசோதனைக்கு வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதிரி வராவிட்டால் அந்தக் கருவி சும்மா கிடக்கும்.

வதந்திகளையும் அடைக்க வேண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டிச் செறிவுதான் கூடும். குளோரின் கிருமிக்கு மருந்து, இதற்கில்லை. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும், ஆனால் சவ்வு தேய்ந்த பிறகு குறைக்காது. விற்பனையாளர் நீட்டும் டி.டி.எஸ். பேனா மொத்த உப்பைக் காட்டுமே தவிர ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வரும் கல்வியாண்டின் முதல் பருவத்துக்குள், இரு மாவட்டங்களிலும் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் மேல் முன்பற்களைப் பாருங்கள். பல் ஃபுளோரோசிஸின் கடுமையை எண்ணால் குறிக்கும் டீன் அளவுகோலில் பூச்சியத்திலிருந்து நாலு வரை பதியச் சொல்லுங்கள். பிள்ளை ஐந்து வயது வரை எந்த ஊரில் வளர்ந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பெங்களூருவிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் போன குடும்பங்கள் இங்கே ஏராளம். அதைக் கேட்காவிட்டால் கணக்கு பொய்யாகும். அந்தப் பட்டியலையும் தொட்டிக் கலப்புக் கணக்கையும் ஊர் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிராம சபையில் வாசியுங்கள். வரி அதிகம் தெரியும் ஊர்களுக்குத் தனிக் குழாய் முதலில் போகட்டும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீர், பொதுச் சுகாதாரப் பணிகளில் இருப்போர்