பெயர் தெரியாத அந்த வீட்டிற்கு

வணக்கம்.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பலர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன், இங்கும் சொல்வேன். ஆனால் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியவர்களின் முகவரி என்னிடம் இல்லை. கண் வங்கியில் கேட்டுப் பார்த்தேன். கொடுத்தவர் யார் என்று பெற்றவருக்கும், பெற்றவர் யார் என்று கொடுத்த குடும்பத்துக்கும் சொல்வதில்லை என்று அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். சேர வேண்டிய வீட்டில் யாராவது ஒருவர் பார்வையில் படட்டும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் ஊர்ப்புற நூலகர். வயது 49. என் இடது கண், சிறு வயதில் கவனிக்காமல் விட்டதால் பார்வை வளராமலே நின்றுபோன கண். எதிரே ஆள் வருவது தெரியும், எழுத்துத் தெரியாது. படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் வலது கண் ஒன்றை நம்பித்தான் நடந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், களத்தில் நெல் தூற்றும்போது அந்தக் கண்ணில் சுணை தெறித்தது. கசக்கினேன். இரவு உறுத்தியது. மறுநாள் யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பால் விட்டோம். அதற்கும் மறுநாள் ஒரு மருந்துக் கடையில் கண் சிவப்புக்கு என்று கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். சிவப்பு குறைந்தது போல இருந்தது. ஐந்தாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. எங்கள் ஊரில் இதைப் பூ விழுந்துவிட்டது என்பார்கள்.

அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. பயிர்த் தூசியும் இலையும் பட்ட கண்ணில் பெரும்பாலும் வளர்வது பூஞ்சை. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைத்து நம்மை ஏமாற்றிவிட்டு, அடியில் பூஞ்சைக்கு வழி விட்டுவிடும். வயல் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கெஞ்சிக் கேட்கிறேன்: கண்ணில் ஏதாவது பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பாலும் வேண்டாம், இலைச் சாறும் வேண்டாம், சீட்டு இல்லாமல் வாங்கிய மருந்தும் வேண்டாம். நான் இழந்தது அந்த நான்கு நாள்களில்தான்.

புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை என்று கண்டுபிடித்த கும்பகோணத்து மருத்துவருக்கு நன்றி. நாட்டமைசின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்து, மணிக்கொரு முறை போட வேண்டும், இரவிலும் விடக் கூடாது என்றார். அது அடியில் தங்கும் மருந்து. ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். என் கணவர் ஒரு நோட்டில் மணி வாரியாகக் கோடு போட்டு, சொட்டு விட்டதும் ஒரு குறி போடுவார். இரவு ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. பாட்டிலைக் குலுக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் விழிப்பேன். கீழ் இமையை விரலால் இழுத்து ஒரு சொட்டு விட்டு, மூக்கோரம் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்வார். காலையில் இமை ஓரமெல்லாம் அரிசி மாவு காய்ந்தது போல வெள்ளை படிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைப்பார். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். 38 நாள், ஒரு மணிகூட விடுபடவில்லை.

புண் ஆறியது. தழும்பு நின்றுவிட்டது, சரியாகக் கண்பாவைக்கு நேரே. தழும்புக்கு மருந்து இல்லை, கருவிழியை மாற்றுவதுதான் வழி என்று சொல்லி எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பதிவு செய்து காத்திருந்தோம்.

கருவிழி என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அதற்கு நிறமே இல்லை. கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி போல, நடுவில் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள தெளிந்த படலம். பின்னால் இருப்பதன் கருமைதான் நமக்குத் தெரிகிறது. அந்த அரை மில்லிமீட்டர் வெளுத்ததற்கே நான் சுவரைத் தடவி நடந்தேன்.

காத்திருந்த மாதங்களில் என்னைத் தூக்கிச் சுமந்தது ஊர்தான். பக்கத்து ஊர் நூலகர் கூடுதல் பொறுப்பாக என் நூலகத்தையும் பார்த்துக்கொண்டார். இரண்டு பஸ் மாறி வர வேண்டும், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எங்கள் வாசகர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தினமும் மாலையில் வந்து திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை உரக்கப் படிப்பார். எழுத்து இல்லாமல் நான் எப்படித் தவித்துப்போவேன் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஐயா, உங்கள் குரலில் கேட்ட அந்தச் செய்திகள்தான் அப்போது எனக்கு உலகம்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கண் கிடைத்திருக்கிறது, நாளைக் காலை வந்து சேர முடியுமா என்றார்கள். எதிர்வீட்டு அக்கா மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணாமல் என் கையில் திணித்தார். அன்றிரவே உழவன் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினோம். நிற்கவும் இடமில்லை. கல்லூரி மாணவர் ஒருவர், "உட்காருங்கள் அம்மா" என்று எழுந்து, சென்னை வரை கதவோரம் நின்றுகொண்டே வந்தார். அவர் முகம் எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு யார் முகமும் தெரியாது.

மாயவரம் தாண்டியிருக்கும். கணவர் ஏதோ கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை. போன் வந்ததும் நாங்கள் சிரித்தோம், சாமிக்கு விளக்கேற்றினோம். நாங்கள் சிரித்த அதே நேரத்தில் எங்கோ ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடியும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

உங்கள் வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்பதைப் பிறகு கண் வங்கி ஊழியர்கள் பொதுவாகச் சொன்னதை வைத்து நானாகக் கோத்துப் பார்த்திருக்கிறேன். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அப்படியென்றால் அழுகைக்கு நடுவே யாரோ ஒருவர் நினைவு வைத்து போன் செய்திருக்கிறீர்கள். யாரோ ஒருவர் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்திருக்கிறீர்கள். கண் உலர்ந்துவிடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருக்கிறீர்கள். கூட்டம் நிறைந்த வீட்டில் அந்தப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தியிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர் யாராவது, கண் இல்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார் என்று தடுத்திருக்கலாம். அவருக்கு யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும். வந்தவர்கள் கால் மணி, இருபது நிமிடத்தில் வேலையை முடித்து, முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாதபடி மூடி வைத்திருப்பார்கள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருப்பார்கள். அந்தக் கை எப்படி நடுங்கியிருக்கும்!

கண்தானம் பேசும் மேடைகளில் கண்ணப்பரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் கண்ணப்பருக்குத் தாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியும். உங்களுக்குத் தெரியாது. நான் நல்லவளா, என்ன சாதி, என்ன மதம், எதுவும் கேட்காமல் கொடுத்தீர்கள். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது என்பதால் ரத்தப் பிரிவுகூடப் பொருந்த வேண்டியதில்லையாம். பெரும்பாலும் யார் கண்ணும் யாருக்கும் ஆகும்.

அறுவை சிகிச்சை ஒன்றரை மணி நேரம் நடந்தது. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு இருந்தது, வலி இல்லை. வெளுத்த பகுதியை வட்டமாக எடுத்துவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து வந்ததை அங்கே பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் 16 தையல் போட்டார்கள். நடுவில் எனக்கு இருமல் வரும்போல் இருந்தது. பயந்துபோய்ச் சொன்னேன். அறுவை செய்த அம்மையார் கையை நிறுத்தி, "நேரம் இருக்கிறது, நிதானமாக இருமுங்கள்" என்றார். அந்த நிதானத்துக்கு என் வாழ்நாள் நன்றி. ஒரு பைசா வாங்காமல் இதைச் செய்த அரசு மருத்துவமனைக்கும், இரவில் மூன்று முறை வந்து போர்வையைச் சரிசெய்த செவிலியருக்கும்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கஞ்சித் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தது போல இருந்தது. எத்தனை விரல் என்று கேட்டார்கள். மூன்று என்றேன். பிறகு, விரலுக்குப் பின்னால் நின்றிருந்த கணவர் முகம் மெல்லக் கூடி வந்தது. தாடி முழுக்க நரைத்திருந்தது. ஒன்பது மாதத்தில் என் கண்ணுக்குத் தெரியாமல் நரைத்திருந்தது.

அதற்குப் பிறகு வேகமாக எதுவும் நடக்கவில்லை. கட்டைப் பிரித்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். தையல் இழுப்பில் பார்வை கோணலாக இருக்கும். ஓராண்டுக்குப் பிறகு, தாடையை வைத்துப் பார்க்கும் கருவியில் அமர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டாகத் தையலை எடுத்தார்கள். உடல் அந்தக் கருவிழியை அயலாக நினைத்து எதிர்க்காமலிருக்கச் சொட்டு மருந்து தொடர்கிறது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை சற்றே மங்கினாலோ அன்றே வர வேண்டும் என்றார்கள். ஒருமுறை சிவந்தது, அன்றிரவே ரயில் ஏறிவிட்டேன். காப்பாற்றிக் கொடுத்தார்கள். முன்பு ஏமாந்த அனுபவமும் இருந்தது. அதற்கும் மேலாக, உங்களுடையதை நான் பாழாக்கிவிடக் கூடாது என்ற பயம் இருந்தது.

கண்ணாடி போட்டுக்கொண்டு நூலகத்துக்குத் திரும்பிய நாளில் முதலில் திறந்தது வரவுப் பதிவேட்டை. பாதி வரை என் கையெழுத்து. பிறகு பக்கத்து ஊர் நூலகரின் கையெழுத்து, ஒரு பிசகில்லாமல், ஓராண்டுக்கும் மேலாக. அதற்குக் கீழே தேதி போட்டு நான் எழுதத் தொடங்கினேன்.

படிக்க முடிந்ததும் இந்தச் சிகிச்சையைப் பற்றியே தேடிப் படித்தேன். ஒருவர் கருவிழியை இன்னொருவருக்கு வைத்து முதன்முதலில் நிலைத்தது 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலோமூட்ஸ் நகரில். சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த அலோய்ஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளிக்கு எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் செய்தார். கொடுத்தது 11 வயதுச் சிறுவன். இரும்புத் துண்டு பாய்ந்து, எடுத்தே ஆக வேண்டியிருந்த கண் அது. குளோகரின் இரண்டு கண்ணிலும் வைத்ததில் ஒன்று தெளிவாக நின்றது. அவர் வேலைக்குத் திரும்பினார். இறந்தவர்களின் கண்ணையும் பயன்படுத்தலாம் என்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வழக்கத்துக்கு வந்தது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் தொடங்கியது நான் படுத்திருந்த அதே எழும்பூர் மருத்துவமனையில், மருத்துவர் முத்தையாவின் முயற்சியால். 1819இல் கண்ணுக்கென்றே தொடங்கிய மருத்துவமனை அது. அந்த வாசல்படியை அன்று நான் காலால் தடவித்தான் ஏறினேன்.

இனி உங்களிடம் மட்டும் ஒன்று.

எடுத்த கருவிழியை அவர்கள் பாதுகாத்து வைத்த முறையில் நான்கு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டுமாம். அதனால் உங்களவர் மறைந்தது என் அறுவைக்கு முந்தைய அந்த நான்கு நாள்களில் ஏதோ ஒன்றில் என்று தெரியும். சரியான திதி தெரியாது. அறுவை நடந்த நாளையே நாளாக வைத்துக்கொண்டு ஐப்பசியில் எங்கள் வீட்டில் இலை போட்டுப் படைக்கிறோம். படம் இல்லை, பெயர் இல்லை. ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்பதும் தெரியாது. உங்கள் மதத்தில் இந்த வழக்கம் உண்டா என்றும் தெரியாது. இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தெரிந்த மரியாதை இதுதான்.

போன வாரம் இரண்டாவது முறையாக இலை போட்டோம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் கணவர் கடைத்தெருவில் வெகுநேரம் நின்றிருக்கிறார். வடை, பாயசம், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் காராசேவு, ஒரு டம்ளர் காபி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தோம். குழந்தையாக இருந்தால் என்று என் மகள் ஒரு மிட்டாயையும் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள்.

கண்ணீருடனும் நன்றியுடனும்,
கும்பகோணம் பக்கத்து ஊர்ப்புற நூலகர்