கலிபோர்னியாவின் இன்யோ கவுண்டியின் பழைய காகிதங்களைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தண்ணீர் புகுந்து நனைந்துபோன நம் பழைய ஆவணங்களில் கடைசிக் கட்டும் பத்திரமாகிவிட்டது. நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தச் சேற்றில் என்னோடு நின்றவர்கள்தாம். நன்றியை ஆறப்போட்டால் ஒப்புக்கு எழுதியதுபோல் ஆகிவிடும் என்பதால் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி, லோன் பைன் பக்கம் மாடு வளர்க்கும் அந்தப் பெரியவருக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நனைந்த காகிதத்துக்கு அவகாசம் கிடையாது. இரண்டு நாள் போனால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் அத்தனையையும் உலர்த்த ஆளும் இடமும் இல்லையென்றால், அப்படியே உறைய வைப்பதுதான் வழி. உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, மையும் மேற்கொண்டு பரவாது. பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம். கண்ணாடி நெகட்டிவ்களை மட்டும் உறைய வைக்கக் கூடாது என்று அவற்றைத் தனியே எடுத்துக் காற்றாட வைத்தோம். மற்றதெல்லாம், செய்தித்தாள், பள்ளிக்கூடப் பதிவேடு, வாய்க்கால் கணக்கு, கடிதம் எல்லாமே, தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தது. 26,000 சதுர கிலோமீட்டரில் 19,000 பேர் மட்டுமே வாழும் இந்த ஊர்ப்பக்கம் அவ்வளவு பெரிய ஃப்ரீசருக்கு எங்கே போவது?

மாட்டுத்தீவனக் கடையில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலே வந்தார் அவர். வண்டியின் பின்னால் ஆளுயர ஃப்ரீசர் இரண்டு. குளிர்காலத்துக்கென்று பொதிந்து வைத்திருந்த சொந்த மாட்டுக்கறி, மான்கறி மொத்தத்தையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துக் காலி செய்திருந்தார். வினிகர் தொட்டு மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, வாடை இருக்கிறதா என்று தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்த பிறகுதான் எங்களிடம் விட்டார். அவர் மனைவி சமையலறையிலிருந்த மெழுகுத்தாள் சுருள்களைக் கொண்டுவந்தார். ஒரு கட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே அதை வைத்து, ஒட்டிக்கொள்ளாதபடி இருவருமே அடுக்கித் தந்தார்கள். அந்தக் கட்டுகளில் ஒன்று பழைய வங்கிக் கணக்குப் புத்தகங்கள். சிவப்புத் துணி அட்டையின் சாயம் இறங்கி, வரவுசெலவுப் பத்தியெல்லாம் ரோஜா நிறமாகியிருந்தது. வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் 1927 ஆகஸ்டில் மூடியபோது இந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் சேமிப்பே போயிற்று. அந்தப் புத்தகங்களை அவர் இரண்டு கையாலும் ஏந்திக் கடைசியாக வைத்தார்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்க தாத்தா பேர் இதுல எங்கயாவது இருக்கும்மா. கண்ணுல பட்டா எனக்கு ஒரு போன் போடு."

அவர் தாத்தாவின் நிலம் 1920-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குப் போய்விட்டது. 1913-ல் அந்த நகரத்துக்கான கால்வாய் திறந்தபின் ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணீர் 370 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போகத் தொடங்கியது. ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக்காடானது. 1924 நவம்பரில் ஊர்க்காரர்கள் அந்தக் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றி, நாலு நாள் தண்ணீரைப் பழைய ஏரிப்பக்கமே திருப்பிவிட்டார்கள். பெண்கள் சமைத்துக் கொண்டுவர, மதகடி திருவிழாக் கூட்டமாகிவிட்டதாம். பள்ளத்தாக்குத் தரையில் பெரும்பகுதி இன்றும் அந்த நகரத்துக்கே சொந்தம். இந்தப் பெரியவர் மாடு மேய்ப்பதும் குத்தகை நிலத்தில்தான். தோட்டம், வீடு, அக்கம்பக்கம் எல்லாம் போன குடும்பங்களுக்கு, தாங்கள் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி இந்தக் காகிதம்தான். அதனால்தான் இறைச்சியை வெளியே எடுத்து வைக்க அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவர்களுக்கும் முன்னால் இங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான பாயூட் மக்கள். பிஷப், பிக் பைன் ஊர்களிலிருந்து மின்விசிறிகளோடு வந்த பாயூட் குடும்பங்களுக்கு நன்றி. தங்கள் கதை பாதிகூட எழுதப்படாத பெட்டிகளுக்காக ராத்திரி முழுக்க அவர்கள் விழித்திருந்ததை நான் மறக்க மாட்டேன். ஜெனரேட்டர் தந்தவர்கள், சூப்பும் ரொட்டியும் விடாமல் அனுப்பியவர்கள், மான்சனார் தடுப்பு முகாமின் படங்களை ஒவ்வொன்றாகச் சுத்தமான தண்ணீரில் அலசிப் படப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பிய பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. 1942 முதல் 1945 வரை அந்த முள்வேலிக்குள் அடைபட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களின் முகங்கள் அந்தப் பிள்ளைகள் கையில் தப்பித்தன.

லாஸ் ஏஞ்சலஸ் தமிழ் நண்பர்களே, ராத்திரியோடு ராத்திரியாக 395 நெடுஞ்சாலையில் உறிஞ்சுதாள் கட்டுகளோடு வந்தீர்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த மலைப்பனி உருகியது. அதை நான் சொல்லிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. நீங்களே சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

இனி இவை ஒரே அறையில் இருக்காது. உலர்ந்த ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைப் பள்ளத்தாக்குக்கு வெளியே வைக்கப்போகிறோம். எண்பது தாண்டியவர்களின் பேச்சையும் இந்தக் குளிர்காலத்திலேயே பதிவு செய்யத் தொடங்குவோம். முதல் ஆள் அந்தப் பெரியவர், ஒப்புக்கொண்டுவிட்டார். தாத்தாவின் பேர் இதுவரை கண்ணில் படவில்லை. அடுத்து 1923-ஆம் ஆண்டுக் கட்டைப் பிரிக்கிறோம். பழைய கையெழுத்தைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலை வாருங்கள்.