படகுப் போட்டியில் ‘நிறுத்து’ என்பதும் விதிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேம்ஸ் ஆற்றில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இளமையில் அடையாற்றில் துடுப்பு வலித்தவன் நான். இப்போது புட்னியில் மகன் வீட்டில் வசிப்பதால், போட்டி தொடங்கும் இடத்துக்கு நடந்தே போய்விடுவேன். ஆகவே கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஆனால், மூழ்காமல் முதலில் போய்ச் சேருவதைத் தவிர இப்போட்டிக்கு வேறு விதியே இல்லை என்பதுபோல் அதில் எழுதியிருந்தது சரியன்று. 2016-ஆம் ஆண்டுப் பெண்கள் போட்டியில், பலத்த காற்றில் அலையேறி நீர் நிரம்பிய நிலையிலும் நிறுத்தாமல் கடைசிவரை வந்து சேர்ந்த கேம்பிரிட்ஜ் அணியை அது புகழ்ந்திருந்த விதம் எனக்குக் கவலையையே தந்தது.

இப்போட்டியில் தனித்தனித் தடங்கள் கிடையாது. நாணயம் சுண்டி வென்றவர் மிடில்செக்ஸ் கரையையோ சர்ரே கரையையோ தேர்ந்தெடுப்பார். அதன் பிறகு இரு படகுகளும் ஒரே ஆற்றை, அதிலும் நீரோட்டம் வலுவாக உள்ள நடுப்பகுதியைப் பங்கிட்டுக்கொண்டாக வேண்டும். யார் எந்த நீரில் செல்ல உரிமையுடையவர் என்பதைப் பின்னால் விசைப்படகில் வரும் நடுவர்தான் நொடிக்கு நொடி தீர்மானிக்கிறார். எல்லை மீறும் அணியின் பெயரைச் சொல்லிக் கொடியசைத்து எச்சரிக்கிறார். துடுப்போடு துடுப்பு உரசுவது மட்டுமே குற்றமாகாது; எச்சரித்த பின்னும் விலகாமல் போய் மோதுவதே குற்றம். 2012-இல் போட்டியின் நடுவே ஒருவர் ஆற்றில் நீந்தி வந்து குறுக்கிட்டபோது நடுவர் இரு படகுகளையும் நிறுத்தினார். ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பின் மீண்டும் தொடங்கிய சற்றைக்கெல்லாம் துடுப்புகள் மோதி, ஆக்ஸ்ஃபோர்டு அணியின் ஒரு துடுப்பு முறிந்தது. அந்த அணி முறையிட்டும் நடுவர் ஏற்கவில்லை. மோதலுக்குமுன் எச்சரிக்கப்பட்டது அவர்களுடைய படகுதான். அன்று பலர் நடுவரைக் குறை கூறினார்கள். நீரில் ஒரு தலை தெரிந்தவுடன் பதினெட்டுப் பேரை நிறுத்திய அந்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

போட்டியை நிறுத்துவதோ தள்ளிவைப்பதோ இந்த ஆற்றில் புதிதும் அல்ல, இழிவும் அல்ல. 1912-இல் இரு படகுகளிலும் நீர் நிரம்பியதால் போட்டி வேறொரு நாளில் மறுபடி நடத்தப்பட்டது. 1951-இல் ஆக்ஸ்ஃபோர்டு படகு தொடக்கத்திலேயே மூழ்க, அப்போதும் மறுபோட்டிதான். 1984-இல் கேம்பிரிட்ஜ் அணி போட்டிக்கு முன்பே நங்கூரமிட்டு நின்ற ஒரு கலத்தில் மோதிப் படகை உடைத்துக்கொண்டதால், போட்டி மறுநாளுக்குப் போயிற்று. 2021-இல் கொரோனாவோடு, போட்டிப் பாதையில் உள்ள ஹாமர்ஸ்மித் பாலத்தின் உறுதி பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ள, போட்டியையே தேம்ஸிலிருந்து ஈலி நகருக்கு மாற்றினார்கள். இவ்வளவு முன்னுதாரணங்கள் இருக்கும்போது, 2016-இல் அந்தப் பெண்கள் நின்றிருந்தால் கோழைகளாகியிருப்பார்கள் என்ற தொனியில் எழுதலாமா? அவர்களுடைய மனத்திடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், படகு விளிம்பளவு தாழ்ந்த பின் போவதா நிற்பதா என்ற முடிவை, வெற்றிக்காக மாதக்கணக்கில் உழைத்த எட்டுப் பேரிடமும் அவர்களுக்குச் சுக்கான் பிடிப்பவரிடமும் விடக்கூடாது. அதற்காகத்தான் நடுவர் இருக்கிறார்.

தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாத சில சிறிய பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தயப் படகின் முன்முனையை, நம் கடலோர மக்கள் அணியம் என்பார்களே, அதைக் கவனித்தால் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு ரப்பர் பந்து தெரியும். அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஈட்டி போன்ற அந்த முனை இன்னொரு படகில் இருப்பவரின் முதுகில் பாய்ந்துவிடாமல் தடுப்பது அதுதான். குறைந்தது 4 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அடுத்தது காலணி. துடுப்பு வலிப்பவரின் காலணிகள் படகோடு பொருத்தப்பட்டவை. படகு கவிழும்போது பாதம் உருவி வெளியே வர வேண்டுமானால், காலணியின் குதிகாலைப் படகோடு பிணைக்கும் கயிறு அதை 7 சென்டிமீட்டருக்கு மேல் எழும்ப விடக்கூடாது; காலணியை ஒரே கையால், ஒரே இழுப்பில் விடுவிக்கவும் முடிய வேண்டும்.

இந்தக் கயிற்றின் அருமையை நான் அடையாற்றில் கற்றேன். ஒரு காலை, வலது காலணியின் குதிகால் கயிறு அறுந்திருந்ததைப் பார்த்தும், திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம் என்று ஒற்றையாள் படகை இறக்கிவிட்டேன். திரும்பும் வழியில் கவிழ்ந்தேன். இடது கால் தானாக உருவிக்கொண்டது. வலது காலணியோ பாதத்தோடு சேர்ந்து மேலெழுந்ததே தவிரக் கழலவில்லை. தலைகீழாகச் சேற்று நீரில் தடவித் தடவி ஒட்டுப்பட்டையைப் பிரித்த அந்தச் சில நொடிகளை இன்றும் மறக்க முடியவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. இங்கே கரையோரப் படகுக்கொட்டில்களில், படகை இறக்குமுன் யாராவது ஒருவர் காலணிக்குள் கையைவிட்டு அந்தக் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வலது பாதம் கூசும்.

சிலவகைப் படகுகளில் சுக்கான் பிடிப்பவர் அணியத்துக்குள் ஏறக்குறைய படுத்த நிலையில் இருப்பார். அவர் தானாக ஊதிக்கொள்ளும் மிதவையுடை அணியக்கூடாது. படகு கவிழ்ந்ததும் அது உப்பினால் அந்தக் குறுகிய குழிக்குள்ளேயே அவரை அமுக்கி வைத்துவிடும். ‘மூழ்கியது’ என்ற சொல்லும் பாதி உண்மைதான். இன்றைய பந்தயப் படகு நீர் நிரம்பினாலும், ஆட்கள் அமர்ந்திருக்கும்போது இருக்கைகள் நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் தாழாமல் மிதக்க வேண்டும். அதனால்தான், கவிழ்ந்தவர்கள் கரை நோக்கி நீந்தாமல் படகைப் பற்றிக்கொண்டே இருக்கப் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் தேம்ஸ் நீரின் குளிர் நல்ல நீச்சல்காரரையும் மூச்சுத் திணற வைத்துவிடும்.

வென்ற அணி தன் சுக்கானியை ஆற்றில் தூக்கிப் போடும் வழக்கத்தையும் கட்டுரை ரசித்திருந்தது. 2024-இல் ஹாமர்ஸ்மித் பாலத்தருகே எடுத்த நீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமியின் எண்ணிக்கை 100 மில்லிலிட்டருக்கு 9,801 வரை பதிவாயிற்று. 1,000-க்கு மேல் போனாலே நீராடத் தகாத நீர். அவ்வாண்டு ஆற்றில் இறங்க வேண்டாம், கைக் கொப்புளங்களை நீர்புகாக் கட்டுப் போட்டு மூடுங்கள் என்று அணிகளுக்கு அறிவுறுத்தினார்கள்.

இறுதியாக ஒரு திருத்தம். போட்டி மார்ட்லேக்கில் தொடங்கி, ஆற்றின் போக்கில் புட்னிக்கு வருவதாகக் கட்டுரை கூறுகிறது. உண்மையில், 1845 முதல், சில ஆண்டுகள் நீங்கலாக, புட்னியிலிருந்து மார்ட்லேக் வரையில், ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர், ஆற்றின் போக்குக்கு எதிராகவே நடக்கிறது. கடல் ஏற்றத்தின்போது நீர் மேல்நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தோடு செல்வதற்காகவே போட்டியின் நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக நேரத்தை மாற்றுகிறார்கள் என்று எழுதியிருப்பதையும் இதனோடு சேர்த்துத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய துடுப்புக்காரர் ஒருவர்,
புட்னி, லண்டன்.