ஒரே மியூட்டெக்ஸ் போதாது: டிரைவர் தொடருக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் பொறியியல் மாணவர் இணைப்பில் வரும் லினக்ஸ் டிவைஸ் டிரைவர் (இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்து வன்பொருளை இயக்கும் நிரல்) தொடரைத் தவறாமல் படிக்கிறோம். தமிழில் இப்படி ஒரு தொடர் வருவதே நல்ல காரியம். ஆனால் சீரியல் போர்ட் டிரைவருக்கு அதில் கொடுத்திருந்த மாதிரி நிரல் தவறு. எல்லாவற்றையும் ஒரே மியூட்டெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்ற விளக்கமும் தவறு. மாணவர்கள் அதை அப்படியே ஆய்வகத்தில் அடித்துப் பார்ப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அந்த நிரலில், வரும் பைட்டுகளை இன்டரப்ட் ஹேண்ட்லர் (சாதனம் சமிக்ஞை தந்ததும், நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் நிரல்) ஒரு வளைய பஃபரில் (முடிவு வந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பும் தற்காலிகச் சேமிப்பிடம்) போடுகிறது. பயனரின் நிரல் விடுக்கும் ரீட் அழைப்பு அங்கிருந்து எடுக்கிறது. உள்ளே எத்தனை பைட் இருக்கிறது என்பது ‘கவுன்ட்’ என்ற மாறியில் இருக்கிறது. அதில் ஒன்றைக் கழிப்பது சி மொழியில் ஒரே வரிதான். ஏஆர்எம் செயலியிலோ அது மூன்று கட்டளைகள்: நினைவகத்திலிருந்து எடு, கழி, திரும்ப எழுது. கவுன்ட் 5 என்று இருக்கட்டும். ரீட் அந்த 5-ஐ ரெஜிஸ்டருக்குள் எடுத்த கணத்தில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் ஒரு பைட்டைச் சேர்த்து கவுன்ட்டை 6 ஆக்கிவிட்டுத் திரும்புகிறது. ரீட் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தன் கையிலிருக்கும் 5-இல் ஒன்றைக் கழித்து 4 என்று எழுதிவிடுகிறது. பஃபரில் இருப்பதோ 5 பைட். இந்த ஒரு பைட் வித்தியாசம் தானாகச் சரியாகாது. அதன்பின் ஒவ்வொரு செய்தியின் கடைசி பைட்டும் அடுத்த செய்தி வரும்வரை உள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்ப்பவர் கேபிளையும் பாட் ரேட்டையும் (அனுப்பும் வேகம்) சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். இதற்குச் செயலியில் இரண்டு கோர் தேவையில்லை, ஒரே கோரில் நடக்கும். மாறிக்கு முன்னால் ‘வோலட்டைல்’ (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே எடு என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) என்று சேர்ப்பதும் பயன் தராது. மூன்று கட்டளைகள் மூன்றாகவே இருக்கும்.

இங்கே மியூட்டெக்ஸ் ஏன் உதவாது? பூட்டு கிடைக்காவிட்டால் மியூட்டெக்ஸ் தூங்கப் போகும். இன்டரப்ட் ஹேண்ட்லர் தூங்கக் கூடாது; அது ஒரு பிராசஸ் அல்ல, அதைத் தனியாக எழுப்பி மறுபடி ஓட வைக்க ஷெட்யூலருக்கு (எந்த பிராசஸ் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) வழியில்லை. ஹேண்ட்லரில் மட்டும் பூட்டை விட்டுவிட்டால் மேலே சொன்ன அதே கதைதான். எனவே ஸ்பின்லாக் (தூங்காமல், கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு) வேண்டும், அதுவும் சரியான வகையில். ரீட் சாதாரண ஸ்பின்லாக்கை எடுத்து வைத்திருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்தப் பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டை விடவேண்டிய ரீட்டுக்கோ அந்தக் கோர் திரும்பக் கிடைக்காது. கோர் அங்கேயே உறைந்துவிடும். பிராசஸ் பக்கம், அதாவது ரீட்டில், ‘ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ்’ பயன்படுத்த வேண்டும். அது அந்தக் கோரில் இன்டரப்ட்டை நிறுத்தி, முந்தைய நிலையையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ‘சேவ்’ இல்லாத வகை, பூட்டை விடும்போது கண்ணை மூடிக்கொண்டு இன்டரப்ட்டைத் திறந்துவிடும். ஏற்கெனவே மூடிய நிலையில் அழைத்தவருக்கு அது வினை.

அடுத்த தவறு பூட்டின் நீளம். மாதிரி நிரல் பூட்டை வைத்துக்கொண்டே ‘காப்பி டு யூசர்’ (கெர்னலிலிருந்து பயனரின் நினைவகத்துக்குப் பிரதி எடுப்பது) அழைக்கிறது. மியூட்டெக்ஸுக்குள் அது சரிதான். ஸ்பின்லாக்குக்குள் கூடாது, பயனரின் நினைவகப் பகுதி (பேஜ்) அப்போது ரேமில் இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் ஆகி, அது வரும்வரை தூங்க நேரும். ‘ஜிஎஃப்பி கெர்னல்’ கொடியோடு (தேவைப்பட்டால் தூங்கலாம் என்ற அனுமதி) நினைவகம் கேட்பதும் அப்படியே. நேரக் கணக்கும் இருக்கிறது. 115200 பாட் வேகத்தில், பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட் என்றால், சுமார் 87 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வருகிறது. சீரியல் போர்ட்டுக்கான 16550 சிப்பின் ஃபிஃபோ (வந்த பைட்டுகள் வரிசையில் நிற்கும் இடம்) 16 பைட். 14 பைட் சேர்ந்ததும் இன்டரப்ட் வரும்படி வைத்தால் மீதி இரண்டே இடம். அவ்வளவு குறைந்த நேரத்துக்குள் ஹேண்ட்லர் ஓடியாக வேண்டும். பூட்டுக்குள் ஆயிரக்கணக்கான பைட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தால் ஓவர்ரன் (இடமின்றிப் பைட் தொலைவது) நேரலாம்.

ஆகவே இரண்டு பூட்டு. வெளியே மியூட்டெக்ஸ், ஒரு நேரத்தில் ஒரு வாசகர் மட்டும் நுழைய. உள்ளே ஸ்பின்லாக், ஹேண்ட்லரோடு பகிரும் சுட்டிகளுக்கும் (பஃபரில் இடத்தைக் காட்டுபவை) கவுன்ட்டுக்கும் மட்டும். ஸ்பின்லாக்கில் கவுன்ட்டைப் பார்த்துவிட்டு விட வேண்டும்; பயனருக்குப் பிரதி எடுக்க வேண்டும்; மறுபடி ஸ்பின்லாக்கை எடுத்து, வால் சுட்டியை (அடுத்து எடுக்க வேண்டிய இடம்) நகர்த்தி, கவுன்ட்டைக் குறைக்க வேண்டும். பிரதி தோற்றால் சுட்டி நகராது, பைட் தொலையாது. பஃபர் நிறைந்தால் ஹேண்ட்லர் புதிய பைட்டைக் கைவிட்டு ஓவர்ரன் கணக்கைக் கூட்ட வேண்டும். பழையதன்மேல் எழுதக் கூடாது. பஃபர் காலி என்றால் மியூட்டெக்ஸை விட்டுவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். வைத்துக்கொண்டே தூங்கினால், ‘நான்பிளாக்’ (காத்திருக்க மாட்டேன்) கொடியோடு வந்தவரும் உடனே ‘ஈஅகெய்ன்’ (பிறகு முயல்க) பிழை வாங்கித் திரும்பாமல் பூட்டு வாசலில் நிற்பார். எழுந்ததும் நிலையை மறுபடி பார்க்க வேண்டும். இடையில் வேறொருவர் எடுத்துப் போயிருக்கலாம்.

ஒரே ஒருவருக்குத்தான் ஓப்பன், மற்றவருக்கு ‘ஈபிஸி’ (பயன்பாட்டில் உள்ளது) பிழை என்று வைத்தால் பூட்டே வேண்டாம் என்ற தொடரின் குறிப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். ஃபோர்க் செய்த (நகலாக உருவாக்கிய) பிள்ளை பிராசஸும் அதே திறந்த ஃபைலைப் பகிர்கிறது. ஒரே பிராசஸின் இரண்டு த்ரெட்களும் அப்படியே. அந்தத் தடை எத்தனை ஓப்பன் என்பதைத்தான் எண்ணுகிறது, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை அல்ல.

பழைய பாடநூல் நிரல்களில் இன்னொரு பொறி உண்டு. 1996-இல் 2.0 கெர்னலோடு வந்த பெரிய கெர்னல் பூட்டுக்குள்தான் (கெர்னலுக்கே பொதுவான ஒரே பூட்டு) அன்றைய ஐஆக்டல் (சாதனத்துக்குக் கட்டளை தரும் அழைப்பு) ஓடியது. பூட்டில்லாத ஐஆக்டல் 2005-இல் வந்தது. அந்தப் பெரிய பூட்டு 2011-இல், 2.6.39-இல், முழுதாக நீங்கியது. இன்று பழைய நிரல் கம்பைல் ஆகவில்லை என்று ‘அன்லாக்டு ஐஆக்டல்’ எனப் பெயரை மட்டும் மாற்றினால் பிழைச்செய்தி போய்விடும். பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும்.

விளைவு பைட் தொலைவதோடு நிற்பதில்லை. சீரியல் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்_எச்டிஎல்சி நிரலில் (எச்டிஎல்சி தகவல்தொடர்பு முறையைக் கையாளும் கெர்னல் பகுதி) 2009-இல் நுழைந்த ஒரு ரேஸ் பிழை (இரு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடுவதால் வருவது) 2017-இல்தான் வெளியே தெரிந்தது (பாதுகாப்புப் பிழைப் பட்டியலில் சிவிஇ-2017-2636). அனுப்புகையில் பிழை நேர்ந்தால் மீண்டும் அனுப்புவதற்கென்று ஒரு பஃபரின் சுட்டியைத் தனியே வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஃப்ளஷ் (வரிசையைக் காலி செய்வது), மறுபக்கம் அனுப்பும் வேலை, இரண்டும் அதே பஃபரைக் காலிப் பட்டியலில் சேர்த்தன. மூடும்போது அது இருமுறை விடுவிக்கப்பட்டது. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் பெற அது போதுமானதாக இருந்தது. திருத்தத்தில் அந்தத் தனிச் சுட்டியையே நீக்கிவிட்டார்கள்.

டிரைவரை அகற்றும் சரியான வரிசையும் தொடரில் இல்லை. முதலில் சாதனத்தில் இன்டரப்ட்டை அணைக்க வேண்டும், பிறகு ‘ஃப்ரீ ஐஆர்க்யூ’ (ஹேண்ட்லரை நீக்குவது), பிறகு ‘கேன்சல் வொர்க் சிங்க்’ (ஒத்திவைத்த வேலையை ரத்துசெய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பது), கடைசியில் நினைவகத்தை விடுவிக்க வேண்டும். ‘டெவ்எம்’ வகையில் (கெர்னலே தானாக விடுவிக்கும் முறை) இன்டரப்ட் வாங்கியிருந்தால் அது ரிமூவ் (டிரைவரை அகற்றும் ஃபங்ஷன்) முடிந்த பிறகே விடுவிக்கப்படும். ரிமூவுக்குள் பஃபரைக் கையால் விடுவித்திருந்தால், அந்த இல்லாத பஃபரில் ஹேண்ட்லர் எழுதக்கூடும். ‘சிங்க்’ அழைப்பின்போது அந்த வேலை கேட்கும் பூட்டை வைத்திருக்கவும் கூடாது, இருவரும் ஒருவருக்கொருவர் காத்து நிற்பார்கள்.

தொடரின் அடுத்த பகுதியில் அந்த ரீட், ஹேண்ட்லர், ரிமூவ் மூன்றையும் திருத்தி வெளியிட வேண்டுகிறோம். கூடவே, ஆய்வகக் கெர்னலை ‘ப்ரூவ் லாக்கிங்’ (பூட்டு எடுக்கும் வரிசையைச் சரிபார்ப்பது), ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’ (தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைக் காட்டுவது), ‘கேசான்’ (தவறான நினைவக அணுகலைக் காட்டுவது) தேர்வுகளை இயக்கிக் கட்டும்படி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பூட்டு வரிசைப் பிழையை முதல் தேர்வு, கணினி உறையும்வரை காத்திராமல், இரு வரிசைகளும் ஒவ்வொரு முறை ஓடியதுமே பதிவில் காட்டிவிடும். கெர்னல் வேகம் குறையும். ஆய்வகத்தில் அது பொருட்டல்ல.

இப்படிக்கு,
டிரைவர் நிரலாளர்கள் சிலர்